ராத்திரி வாகனத் தணிக்கையில் போனை அன்லாக் பண்ணச் சொன்னார்கள், அப்படிக் கேட்கலாமா?

நைட்ஷிப்ட்_ராசா:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பெயர், ஸ்டேஷன் பெயர் எதுவும் போடவில்லை, கேட்காதீர்கள்.

போன வாரம் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். மணி ஒன்றரை இருக்கும். பாலத்துக்கு முன்னால் பேரிகார்டு போட்டு நிறுத்தினார்கள். ஹெல்மெட் இருந்தது, ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரி, ஊதச் சொன்னார்கள், ஊதினேன், அதிலும் ஒன்றுமில்லை. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பும்போது ஒருத்தர் வந்து "போனைக் குடு, லாக்கை எடு" என்றார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தேடுகிற இடத்தில் ஏதோ இரண்டு வார்த்தை அடித்துப் பார்த்தார். அப்புறம் கேலரிக்குள் போனார். போன மாதம் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்ததால் டாக்டருக்கு அனுப்ப தினமும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு படத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, "இது யாரு?" என்றார். "எங்கம்மா சார்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் போனைக் கொடுத்துவிட்டார். கடைசியில் அவருடைய போனில் என் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டார், "சும்மா என்ட்ரிக்கு" என்று.

திட்டவில்லை, அடிக்கவில்லை, "பாத்துப் போ தம்பி" என்றுகூடச் சொன்னார். இருந்தாலும் வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. இதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்கிறதா? 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்ததே, அது ரோட்டில் செல்லாதா? கூட வேலை செய்பவரிடம் சொன்னால், "அவங்க நினைச்சா நீ பேசுறதையே கேட்பாங்க, இதுக்குப் போய் அழுவுறியே" என்கிறார்.

மூணாவது_மாடி:

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான். அவன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி கஞ்சா பொட்டலம் விற்றவனைப் பிடித்தது இப்படி ஒரு வாகனத் தணிக்கையில்தான். பத்து பேர் போனைப் பார்த்தால் ஒருத்தன் சிக்குவான். உங்களிடம் தப்பு ஒன்றும் இல்லை, பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். பத்து நிமிடம்தானே? மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

நைட்ஷிப்ட்_ராசா:

அண்ணா, மடியில் கனம் இல்லைதான். இருந்தது எங்கம்மாவின் வயிறு. அவரைக் கேட்காமல் நான் காட்டியிருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, மாட்டிக்கொள்வேன் என்ற பயம் இல்லை.

கீழ்க்கோர்ட்டுக்_காகம்:

ராசா, நான் மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் பிராக்டீஸ் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாகனத் தணிக்கையில் நிற்கிறவர்கள் போனையெல்லாம் திறந்து பார்க்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி லைசென்ஸ், வண்டி ஆவணங்களைக் கேட்கலாம், ஊதச் சொல்லலாம், அதோடு சரி. வாரண்ட் இல்லாமல் சோதனை போட பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 185ஆவது பிரிவு இருக்கிறது (பழைய சி.ஆர்.பி.சி. 165). அதற்கு ஒரு குற்றத்தின் விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும், என்ன தேடுகிறோம், ஏன் தேடுகிறோம் என்று அதிகாரி முதலில் எழுதி வைக்க வேண்டும். புதிய சட்டத்தில் சோதனையை வீடியோ எடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள், 105ஆவது பிரிவு. உங்களுக்கு நடந்ததில் இதில் ஏதாவது இருந்ததா? மூணாவது மாடி அண்ணன் சொல்கிற கஞ்சா விஷயத்துக்கு போதைப்பொருள் சட்டத்தில் 43ஆவது பிரிவு தனியாக இருக்கிறது, பொது இடத்தில் நிறுத்திச் சோதிக்கலாம். ஆனால் அங்கேயும் "நம்புவதற்குக் காரணம்" என்று ஒன்று வேண்டும். ஒன்றரை மணிக்கு ரோட்டில் வந்தான் என்பது காரணம் ஆகாது, அப்படிப் பார்த்தால் நைட் ஷிப்ட் பார்க்கிற அத்தனை பேரும் சந்தேக நபர்கள்தான்.

ஆனால் ஒரு சிக்கல், நீங்களாகவே கொடுத்தீர்கள். அவர்களுக்குப் பிடி அதுதான். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி வாட்ஸ்அப்பில் கஞ்சா என்று தேடிப் பார்க்கிற வீடியோ பரவியது ஞாபகம் இருக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்றுதான் அங்கே போலீஸ் தரப்பில் சொன்னார்கள். லத்தி வைத்திருக்கிறவர் "குடு" என்று கேட்டு நாம் கொடுப்பதற்குப் பெயர் ஒத்துழைப்பு என்றால் நான் என்ன சொல்ல.

அடுத்த தடவை சண்டை போடுங்கள் என்று சொல்லமாட்டேன். நள்ளிரவில், தனியாக, அடி வாங்கி உரிமையை நிலைநாட்டு என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். "எந்தக் கேஸுக்கு சார்? நோட்டீஸ் குடுத்தா ஸ்டேஷனுக்கே கொண்டு வந்து தர்றேன்" என்று தணிவாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கொடுத்துவிட்டு, பெயர்ப்பட்டை, ரோந்து வண்டி எண், நேரம் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். "நானாகக் கொடுக்கவில்லை, கேட்டதால் கொடுத்தேன்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த 2017 தீர்ப்பு பற்றி. ஆகஸ்ட் 24, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஒருமனதாக. வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அதற்கு முன்னால் என்ன நிலைமை என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர், கொள்ளை வழக்கில் பிடித்து ஆதாரம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் ஹிஸ்டரி ஷீட் (போலீஸ் கண்காணிப்புப் பதிவேடு) திறந்து, ராத்திரி வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டு, கதவைத் தட்டி எழுப்பி, இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962இல் தீர்ப்பு: ராத்திரி கதவைத் தட்டுவது தப்பு, ஆனால் அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசியல் சாசனத்தில் கிடையாது. தூரத்தில் நின்று கண்காணிக்கலாம், எங்கே போகிறார் வருகிறார் என்று குறிக்கலாம். நீதிபதி சுப்பா ராவும் அவரோடு நீதிபதி ஷாவும் இதற்கு ஒப்பவில்லை, நிழல்போல ஆள் தொடர்ந்தால் அவன் சுதந்திரமாக நடக்கிறான் என்று எப்படிச் சொல்வது என்கிற ரீதியில் சுப்பா ராவ் எழுதினார். அவர் சொன்னது சரி என்று ஆக 55 வருடம் ஆயிற்று.

இப்போது அரசு உங்கள் அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், கொசுவை அடிக்கக் கோடாலி எடுக்கக் கூடாது. உங்கள் விஷயம் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

கரிநாக்கு:

காகம் சார் எழுதியது எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள், சரி. அப்புறம் என்ன நடந்தது? 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரே உத்தரவில் 10 அமைப்புகளுக்கு எந்தக் கம்ப்யூட்டரையும் இடைமறிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. ஐ.பி. என்கிற உளவுத்துறை, அமலாக்கத்துறை, வருமான வரி, சி.பி.ஐ. எல்லாம் அதில் இருந்தது. 2021இல் பெகாசஸ் என்ற, போனுக்குள் நுழையும் உளவு மென்பொருள் விவகாரம் வந்தது. உச்ச நீதிமன்றம் குழு போட்டது, 29 போன்களைப் பார்த்து 5இல் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, ஆனால் பெகாசஸ்தான் என்று சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை வந்தது. அவ்வளவுதான். நீங்கள் ஏட்டய்யாவிடம் பிரிவு எண் சொல்லிக்கொண்டிருங்கள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:

ராசாவின் நண்பர் "நினைத்தால் கேட்பார்கள்" என்று சொன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொலைத்தொடர்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எங்கே என்பது வேண்டாம்.

யார் வேண்டுமானாலும் கேட்க முடியாது, ஒரு காகிதம் வர வேண்டும். எங்கள் காலத்தில் அது சீல் வைத்த கவரில், கையெழுத்து வாங்கிக்கொள்ள ஒரு ஆளோடு வரும். 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம்தான் அதற்கு வேர், வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்கு எழுதியது. 1996இல் உச்ச நீதிமன்றம் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் கொஞ்சம் கடிவாளம் போட்டது: உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது, ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். அதை 2007இல் 419ஏ என்ற விதியாக்கினார்கள். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் புதிய விதிகளும் வந்துவிட்டன, அடிப்படை மாறவில்லை. அவசரம் என்றால் மாநிலத்தில் ஐ.ஜி. அந்தஸ்துள்ளவரே ஆரம்பிக்கச் சொல்லலாம், ஏழு வேலை நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

கம்பெனியில் இதற்கென்றே ஒரு நோடல் ஆபீஸர் இருப்பார். கடிதம் கிடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று அத்தாட்சி கொடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, எங்களுக்கு வந்த உத்தரவுகள் இவை, இவை உங்களுடையதுதானா என்று பட்டியல் திருப்பி அனுப்ப வேண்டும், போலிக் கடிதம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. நான் பார்த்தவரை இந்தப் பட்டியல் வேலைதான் உண்மையான காவல். எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். இப்போது சி.எம்.எஸ். என்ற ஏற்பாட்டில் கம்பெனி ஆள் நடுவில் இல்லாமல் அரசு தரப்பிலிருந்தே இணைப்பை எடுத்துக்கொள்ளலாம். ரகசியம் கசியாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். இலக்கம் தப்பு என்று திருப்பி அனுப்பவும் ஆள் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த மறுஆய்வுக் குழுவைப் பற்றி ஒரு கணக்கு. மத்திய அரசு மாதம் 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்று 2013இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்படியென்றால் ஒரு உட்காரலில் 15,000 முதல் 18,000 கோப்பு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு போட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே 2018 அறிக்கையில் இதைக் குறிப்பிட்டு, நடக்கிற காரியமா என்றது. குழுவில் இருப்பது யார்? அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். நீதிபதி ஒருவர்கூட இல்லை. உத்தரவு போட்டவரும் அரசுச் செயலர், பார்ப்பவரும் அரசுச் செயலர், ஒரே கேன்டீனில் காபி குடிக்கிறவர்கள்.

நீ யாரோடு எப்போது பேசினாய் என்ற சி.டி.ஆர். பட்டியலுக்கு இந்த உத்தரவுகூடத் தேவையில்லை தம்பி, எஸ்.பி. அந்தஸ்தில் இருப்பவர் கடிதம் கொடுத்தால் போதும். பேச்சைக் கேட்பதைவிட அதுதான் அதிகம் சொல்லும். ராத்திரி பதினொன்றுக்கு யாரைக் கூப்பிட்டாய், எந்த டவரின் கீழ் படுத்தாய், எல்லாம் அதில் இருக்கும்.

மூணாவது_மாடி:

சார், இந்த 15,000 கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நிஜமான குற்றவாளியைப் பிடிக்க போன் கேட்கத்தானே வேண்டும்? லஞ்சம் வாங்குகிறவன் லெட்டர் போட்டா வாங்குகிறான்?

கீழ்க்கோர்ட்டுக்_காகம்:

நல்ல கேள்வி, இதே கேள்விதான் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காக உள்துறை அமைச்சகம் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க உத்தரவு போட்டது. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். தந்திச் சட்டத்தில் இருப்பது "பொது அவசரநிலை", "பொதுப் பாதுகாப்பு" என்ற இரண்டு வாசல்தான், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்பதற்கு அந்த வாசலில் இடமில்லை என்றார். பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னது. ஆனால் சென்னைத் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னால் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும், கேட்கலாம் என்றது. ஆகவே டெல்லியில் பேசினால் ஒரு நியாயம், சென்னையில் பேசினால் ஒரு நியாயம், உச்ச நீதிமன்றம் சொல்கிறவரை இப்படித்தான்.

மாடி அண்ணா, போன் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. அந்தச் சென்னை வழக்குக்காரருக்குத் தன் போனை ஒட்டுக்கேட்டார்கள் என்று எப்படித் தெரிந்தது? அந்தப் பதிவை வைத்து அவர் மேல் வழக்கு நடந்தது, அதனால் தெரிந்தது. ஒட்டுக்கேட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள், அந்த ஆளுக்கு யாரும் கடிதம் போட்டு "ஆறு மாதம் உன் பேச்சைக் கேட்டோம், நீ நல்லவன், மன்னிக்கவும்" என்று சொல்வதில்லை. நம் நாட்டில் அப்படித் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. பழைய எக்ஸ்சேஞ்ச் சாருக்குத் தெரியும், பதிவுகளை ஆறு மாதத்தில் அழித்துவிடவும் விதி இருக்கிறது. அழிப்பது நல்லதுதான், ஆனால் கேட்டதற்கான தடயமும் அதோடு போய்விடுகிறது. தப்பு செய்தவனாவது கோர்ட்டுக்கு வந்து ஒட்டுக்கேட்பை எதிர்த்து வாதாடலாம். ஒரு தப்பும் செய்யாதவனுக்கு வழக்குப் போடவே வழியில்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரியாது. மடியில் கனம் இல்லாதவர்கள்தான் இதில் அதிகம் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கரிநாக்கு சொன்ன பெகாசஸும் இதே கதைதான், சில பேர் தங்கள் போனைக் கொண்டுபோய்ப் பரிசோதித்ததால் அவ்வளவாவது வெளியே வந்தது. அதே சமயம் தீர்ப்பு வெறும் காகிதம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தூக்கிவிட்டது. ஜாமீனில் விட்டுவிட்டு எந்நேரமும் கண்ணுக்குள்ளேயே வைத்திருப்பது செல்லாது என்று சொல்ல அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று 2017 தீர்ப்பு சொன்ன அந்தரங்க உரிமைதான் உதவியது. போதைப்பொருள் வழக்கு அது, ஆள் வெளிநாட்டுக்காரர். அவருக்கே கிடைத்தது.

நைட்ஷிப்ட்_ராசா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. போன் விஷயம் புரிந்துவிட்டது. என் முகத்தைப் படம் எடுத்தாரே, அது எங்கே போகும்?

கீழ்க்கோர்ட்டுக்_காகம்:

அவருடைய சொந்த போனில் எடுத்தார் என்றால் கடவுளுக்குத்தான் தெரியும். முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள் தமிழ்நாடு காவல்துறையிடம் இருக்கிறது, அதில் ஏற்றியிருக்கலாம், ஏற்றாமலும் இருக்கலாம். 2022இல் குற்றவியல் அடையாளச் சட்டம் என்று ஒன்று வந்தது, கைரேகை, கண், முகப்படம் எல்லாம் எடுத்து 75 வருடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தண்டிக்கப்பட்டவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டவர் ஆகியோருக்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு அல்ல. 2023இன் தனிநபர் தரவுச் சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அதில் 17ஆவது பிரிவில் அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு முழு விலக்கே கொடுத்துக்கொள்ளலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வர வேண்டும். இந்தத் தேதியில் இந்த இடத்தில் எடுத்த படம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, எந்தச் சட்டப் பிரிவில் எடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். "ஏன்" என்று மட்டும் கேட்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

கரிநாக்கு:

மனு போட்டால் அடுத்த ராத்திரி பேரிகார்டில் ஸ்பெஷல் மரியாதை கிடைக்கும், பார்த்துக்கொள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:

போடு தம்பி. பதில் வராவிட்டாலும் கோப்பில் ஒரு எண் விழும். எண் விழுந்த கோப்பைத் தூக்கிப் போட எந்த ஆபீஸிலும் யோசிப்பார்கள்.

நைட்ஷிப்ட்_ராசா:

ஸ்டாம்ப் வாங்கி, நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியும்விட்டேன். ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். எந்த முகம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே, மனுவோடு என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று ஒட்டி அனுப்ப வேண்டுமா?

கீழ்க்கோர்ட்டுக்_காகம்:

ஐயோ, ஒட்டாதீர்கள். வண்டி எண் போதும்.